வாடகை பாக்கியும் நம்ம குழுவும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு "குழுவால் நான் அடைந்த பயன்". தையல் மெஷின் வாங்கினது, மாடு வாங்கினது, பிள்ளையைக் காலேஜில் சேர்த்தது எல்லாம் எனக்கு முன்னால் பேசின அக்காக்கள் நல்லாவே சொல்லிட்டாங்க. நான் வீட்டு வாடகையைப் பத்திப் பேசட்டுமான்னு தலைவி அக்காகிட்ட கேட்டேன். "விழா மேடையில அதையா பேசுவாங்க?"ன்னு கொஞ்சம் யோசிச்சாங்க. அப்புறம் அவங்களே, "பேசு, மாசம் பிறந்தா நம்ம பாதிப் பேருக்கு அதுதானே தலைவலி"ன்னு சொல்லிட்டாங்க.

நான் முத்தோரை பாலாடா பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவ. பத்தாவது வரைக்கும் படிச்சேன். கல்யாணம் ஆகித்தான் காந்தலுக்கு வந்தேன். எங்க ஊரில் வீடுன்னா ஓடு ஒழுகினாலும் சொந்த வீடு. வாடகைன்னு ஒண்ணு மாசா மாசம் வரும்கிறதே இங்கே வந்துதான் எனக்குத் தெரியும். காந்தலில் ஒரு பக்கம் காசி விஸ்வநாதர் கோயில், ஒரு பக்கம் குருசடி, ஒரு பக்கம் பள்ளிவாசல். எந்தச் சந்துக்குள் போனாலும் ஒரு ரூம், ஒரு சமையல் கட்டு, நாலு வீட்டுக்கு ஒரு பாத்ரூம். அதுக்கும் வாடகை, அட்வான்ஸ், தனியா சப் மீட்டர் கரண்ட் காசு. இந்த ஹாலில் வாடகை வீட்டில் இருக்கிறவங்க கையைத் தூக்குங்கன்னு சொன்னா பாதிக்கு மேல் தூக்குவீங்க. தூக்க வேண்டாம், வீட்டுக்காரம்மாவும் இங்கேதான் உட்கார்ந்திருக்காங்க!

சிரிக்காதீங்க, அதுவும் உண்மைதான். நம்ம கூட்டமைப்பில் வாடகைக்கு இருக்கிறவங்களும் உண்டு, ரெண்டு ரூம் வாடகைக்கு விட்டு அதில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுற விதவை அக்காவும் உண்டு. அதனால் நான் ஒரு பக்கமா பேச வரல.

நம்ம வருமானம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். ஏப்ரல், மே ரெண்டு மாசம் சீசன். காட்டேஜில் ரூம் துடைக்கிறவங்க, வர்க்கி பேக்கிங் போறவங்க, டாக்ஸி ஓட்டுறவங்க, கேரட் கழுவப் போறவங்க, எல்லாருக்கும் அப்போ கையில் காசு புழங்கும். ஜூன் பிறந்து மழை பிடிச்சா வேலை பாதியாகும். ஆனா வாடகைக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. வருஷம் பூரா ஒரே தொகை. பாக்கி விழுறது இந்த இடைவெளியில்தான். ஊதாரித்தனத்தால் வாடகை பாக்கி வச்ச பொம்பளை நூத்துக்கு ஒருத்தி இருந்தா அதிசயம்.

2020-இல் எல்லாருக்கும் ஒண்ணா விழுந்தது. மார்ச்சில் மூடின பொட்டானிக்கல் கார்டன் செப்டம்பரில்தான் திறந்தாங்க. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் மலர்க் கண்காட்சியே நடக்கல. தொழிலாளிங்ககிட்ட ஒரு மாச வாடகை கேட்கக் கூடாது, காலி பண்ணச் சொன்னா நடவடிக்கை எடுப்போம்னு 2020 மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை உத்தரவு போட்டது. நல்ல உத்தரவுதான். ஆனா ஒரு மாசத்துக்கு. ஊட்டிக்கு ஒரு மாசத்திலா ஆள் வந்தது?

என் வீட்டுக்காரர் டூரிஸ்ட் வண்டி ஓட்டுறவர். வண்டி வாசலில் நின்னதோடு சரி. வாடகை 3,500 ரூபாய். நாலு மாசம் கட்ட முடியல, 14,000 பாக்கி. கொடுத்திருந்த அட்வான்ஸ் 15,000. வீட்டு ஓனர் முதல்ல போன் பண்ணினார், அப்புறம் ஆள் அனுப்பினார். ஒருநாள் காலையில் குழாயைத் திறந்தா சொட்டுத் தண்ணி இல்லை. மேலே டேங்க் வால்வை மூடியிருக்காங்க. "பாக்கியைக் கொடு, இல்லைன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள சாமானை எடு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஆடி மாசம், காத்தும் மழையும். தெருக் குழாயிலிருந்து ரெண்டு நாள் குடத்தில் தூக்கினேன்.

மூணாம் நாள் வாரக் கூட்டம். மாஸ்க் போட்டு, வாசலில் எட்டி எட்டி உட்கார்ந்து நடத்தினோம், ஞாபகம் இருக்கும். சேமிப்புப் பணம் கட்டும்போது ஊக்குநர் அக்கா என் கையைப் பார்த்துட்டு, "என்னடி கை இப்படிக் காய்ச்சியிருக்கு?"ன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே ஆறு பேர் என்கூட ஓனர் வீட்டுக்கு வந்தாங்க. யாரும் சத்தம் போடல. "சார், இந்தப் பிள்ளை ஓடிப் போறவ இல்லை, எங்க குழுவில் ஏழு வருஷமா இருக்கிறா. குழுவில் இன்னைக்கு 7,000 உள்கடன் கொடுக்கிறோம், உங்க கையில் கொடுத்துடறா. மீதி 7,000-ஐ மாசம் 1,000 சேர்த்துக் கட்டுவா. தண்ணியை மட்டும் இன்னைக்கே திறந்துடுங்க"ன்னு பேசினாங்க. வெள்ளைத் தாளில் எழுதி அவரும் நானும் கையெழுத்துப் போட்டோம், குழுத் தலைவி சாட்சி. வால்வு அன்னைக்கு ராத்திரியே திறந்தது. உள்கடனுக்கு நூத்துக்கு ரெண்டு ரூபாய் வட்டி. அதே 7,000-ஐ வெளியில் வாங்கியிருந்தா பத்து ரூபாய் வட்டி.

அந்தச் சமயம் எங்க ஏழு பேருக்கும் சட்டம் ஒண்ணும் தெரியாது. வாய்ப் பேச்சிலும் நாணயத்திலும்தான் முடிச்சோம். அப்புறம் ஒரு சட்ட விழிப்புணர்வு முகாமில் வக்கீல் மேடம் ஒருத்தர் பேசினப்பதான், தண்ணியை நிறுத்தினது சட்டப்படியே தப்புன்னு தெரிஞ்சது. அந்த மேடத்துகிட்ட கேட்டு நான் நோட்டில் எழுதி வச்சதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு பெரிய குடித்தனக்காரர் கதை. நாம பஸ்ஸில் தினம் பார்க்கிற குதிரைப் பந்தய மைதானம் இருக்கே, அது அரசாங்க நிலம். 52 ஏக்கர் சொச்சம். மெட்ராஸ் ரேஸ் கிளப் குத்தகைக்கு வச்சிருந்தது. 2001-லிருந்து குத்தகைப் பணம் சரியாக் கட்டலைன்னு அரசாங்கம் சொல்லுது. பாக்கி ஏறி ஏறி 822 கோடி ரூபாய்னு பேப்பரில் போட்டான். கோடி! நோட்டீஸ், கேஸ், அப்பீல்னு வருஷக்கணக்கா நடந்து, ஹைகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் 2024 ஜூலையில்தான் வருவாய்த் துறை போய் இடத்தைக் கையில் எடுத்து போர்டு வச்சது. நான் யார் பக்கமும் பேசல. கணக்கை மட்டும் பாருங்க. 822 கோடி பாக்கிக்கு இருபது வருஷத்துக்கு மேல் அவகாசம் கிடைச்சது. 14,000 பாக்கிக்கு எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்.

அவங்களுக்குக் கிடைச்ச நோட்டீசும் கெடுவும் கோர்ட்டும் நமக்கும் சட்டத்தில் இருக்கு. அளவு சின்னது, அவ்வளவுதான். அவங்களுக்கு அது இருக்குன்னு தெரியும். நமக்குத் தெரியல.

தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்குப் பழைய சட்டம் 1960-இல் வந்தது. அதை எடுத்துட்டு, 2017-இல் புதுச் சட்டம் கொண்டு வந்தாங்க. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் சட்டம்னு சொல்றாங்க. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கு. நகரப் பகுதிக்குப் பொருந்தும், அதனால் நம்ம காந்தலுக்கும் உண்டு.

அதில் நாம முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது, ஓனர் நினைச்ச நாளில் பூட்டுப் போட முடியாது. ரெண்டு மாச வாடகை பாக்கி இருக்கணும். அதைக் கேட்டு முறைப்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கணும். நோட்டீஸ் கையில் கிடைச்ச ஒரு மாசத்துக்குள் பாக்கியை வட்டியோட கட்டிட்டா, அந்தப் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேத்த முடியாது. ஓனர் வாங்க மாட்டேன்னா வாடகை நீதிமன்றத்திலேயே கட்டலாம். அந்த ஒரு மாசமும் கட்ட முடியலைன்னாதான் அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு கேட்கலாம். உத்தரவு போடுறது கோர்ட். ஓனரும் இல்லை, அவர் அனுப்புற ஆளும் இல்லை.

நோட்டீஸ் வந்த அந்த முப்பது நாள்தான் நமக்கு உயிர் நாடி. ஆனா நம்ம பொம்பளைங்க என்ன பண்றோம்? நோட்டீஸை அரிசி டப்பாவுக்கு அடியில் வச்சுட்டு யார்கிட்டயும் சொல்லாம முப்பது நாளும் அழுறோம்.

தண்ணி, கரண்ட் இதெல்லாம் அத்தியாவசியம். வாடகை பாக்கி இருந்தாலும் அதை நிறுத்த ஓனருக்கு உரிமை கிடையாது. நிறுத்தினா வாடகை அதிகாரிகிட்ட மனு கொடுக்கலாம். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாதவர் அந்த அதிகாரியா இருப்பார். உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு.

வாடகை கொடுத்தா ரசீது கேட்கிறது நம்ம உரிமை. "எதுக்கும்மா ரசீது, என்மேல நம்பிக்கை இல்லையா"ன்னு கேப்பாங்க. நம்பிக்கை வேற, கணக்கு வேற. குழுவில் அம்பது ரூபாய் சேமிப்புக்குக்கூட பாஸ்புக்கில் எழுதி வாங்குற நாம, மூவாயிரத்தைச் சும்மா கையில் கொடுத்துட்டு வர்றோம். ஜிபேயில் போட்டா அதுவே ஒரு சாட்சி, எந்த மாச வாடகைன்னு அதிலேயே எழுதிடுங்க.

ஒப்பந்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை. இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும். வாடகை அதிகாரிகிட்ட பதியணும், அதுக்கு ஒரு பதிவு எண் தருவாங்க. காந்தலில் எத்தனை பேர்கிட்ட ஒப்பந்தம் இருக்கு? எல்லாம் வாய்ப் பேச்சு. "பேப்பர் இல்லாம இருக்கிறதே நல்லது, வாடகை ஏத்த மாட்டாங்க"ன்னு சில அக்காக்கள் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. ஒப்பந்தம் போடலைங்கிறதையே ஒரு காரணமா வச்சு, வீட்டைத் திரும்பக் கேட்டு ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக அதே சட்டத்தில் வழி இருக்கு. அதே மாதிரி அட்வான்ஸும். ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதலைன்னா மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நாமதான் பத்து மாசம் கொடுத்துட்டு, அதுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாம இருக்கோம். லீசுக்கு மொத்தமா லட்சக்கணக்கில் கொடுக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். அந்த வீட்டு மேல ஓனர் பேங்கில் கடன் வாங்கியிருக்காரான்னு பார்க்காம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க.

வீட்டுக்காரம்மாக்களுக்கும் இந்தச் சட்டத்தில் நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். ஒரு தடவை பாக்கியைக் கட்டித் தப்பிச்ச குடித்தனக்காரர், அடுத்த ஒரு வருஷத்துக்குள் மறுபடியும் தொடர்ந்து ரெண்டு மாசம் கட்டலைன்னா, அந்தச் சலுகை ரெண்டாவது தடவை கிடைக்காது. அதனால் ஓனர் அக்காக்களே, வால்வை மூடுறதையும் பூட்டுப் போடுறதையும் விட்டுட்டு நோட்டீஸ் கொடுங்க. சட்டம் உங்க பக்கமும் நிக்கும்.

இது தனியார் வீட்டுக்கு. நகராட்சிக்குச் சொந்தமான கடை, அரசாங்கக் கட்டடம் இதுக்கெல்லாம் இந்தச் சட்டம் செல்லாது. நம்ம மார்க்கெட் ஞாபகம் இருக்கா? நகராட்சி வாடகையை உயர்த்தினது அதிகம்னு வியாபாரிங்க கட்டாம இருந்தாங்க, பாக்கி கோடிக்கணக்கில் சேர்ந்துடுச்சு. 2021 ஆகஸ்டில் போலீசோட வந்து நூத்துக்கணக்கான கடைக்குச் சீல் வச்சாங்க. கடைக்காரங்க நஷ்டத்தை எல்லாரும் பேசினாங்க. அந்தக் கடைகளில் வெங்காயம் தரம் பிரிச்ச பொம்பளைங்க, பூ கட்டினவங்க, மூட்டை தூக்கினவங்க குடியிருந்ததெல்லாம் காந்தல் மாதிரி இடத்தில்தான். அங்கே கடை வாடகை நின்னா இங்கே வீட்டு வாடகை நிக்குது. அந்த மாசம் எங்க சந்தில் மட்டும் மூணு வீட்டில் வாடகை கட்டல.

அந்த மூணில் ஒரு வீட்டு அக்காவைப் பத்திச் சொல்லணும். பேரு வேண்டாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். வேற குழுவில் இருந்தாங்க. ஆகஸ்டில் ஆரம்பிச்ச பாக்கி டிசம்பரில் அஞ்சு மாசம் ஆச்சு. வாடகை கட்ட வாரக் கடன் கம்பெனியில் வாங்கினாங்க, அந்த வாரத் தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் வாங்கினாங்க. வெளியில் யாருக்கும் தெரியல. தினம் சிரிச்ச முகம், கூட்டத்துக்கும் தவறாம வருவாங்க. ஜனவரி மாசம் ஒருநாள் விடிகாலையில் எழுந்து பார்த்தா வீடு திறந்து கிடக்குது. ராத்திரியோட ராத்திரியா ரெண்டு பிள்ளைங்களையும் எழுப்பி, ஒரு ஆட்டோவில் ஏத்தின சாமானோட மேட்டுப்பாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. அன்னைக்கு உறைபனி விழுந்து, விட்டுட்டுப் போன பிளாஸ்டிக் குடத்தில் தண்ணி மேலே ஏடு கட்டியிருந்தது.

பெரிய பிள்ளை அப்போ பத்தாவது. பள்ளிக்கூடம் நடுவில் நின்னது. ரேஷன் கார்டு காந்தல் விலாசத்தில், இருக்கிறது மேட்டுப்பாளையத்தில். அட்வான்ஸ் 20,000, பாக்கி 17,500. கணக்குப் பார்த்தா ஓனர்தான் அந்த அக்காவுக்கு 2,500 திருப்பித் தரணும்! இதை அவங்களுக்கு யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லல. இன்னொண்ணு, அவங்க குழுக் கணக்கில் அவங்க பேரில் சேமிப்பு மட்டும் 11,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. அதை வச்சு உள்கடன் கேட்டிருந்தா யாரும் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. போறதுக்கு மூணு நாள் முன்னாடி நடந்த கூட்டத்தில் வந்து உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருக்காங்க. வாயைத் திறக்கல. திறக்கிற மாதிரி யாரும் கேட்கவும் இல்லை.

பிள்ளை பீஸ், ஆஸ்பத்திரிச் செலவு, வளைகாப்பு, இதுக்கெல்லாம் குழுவில் கூசாமக் கடன் கேட்கிறோம். வாடகைக்குன்னா வாய் வரமாட்டேங்குது. வீட்டு ஆம்பளை சம்பாதிக்கலைன்னு பேசிடுவாங்களோன்னு ஒரு பயம். கடன் மனுவில் காரணம் எழுதுற இடத்தில்கூட வாடகைன்னு எழுதாம "குடும்பச் செலவு"ன்னு எழுதுறோம். நம்ம கூட்டமைப்புத் தணிக்கைக்குப் போன பதிவேட்டை நானே புரட்டிப் பார்த்தேன், ஒரு இடத்தில்கூட வாடகைங்கிற வார்த்தை இல்லை.

அதனால் ரெண்டு விஷயம் கூட்டமைப்புகிட்ட கேட்கிறேன். வாரக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் திருப்பம் எல்லாம் கேட்டு முடிச்ச பிறகு, "யாருக்காவது வாடகை நிக்குதா?"ன்னு ஊக்குநர் ஒரு கேள்வி கேட்கணும். எல்லாரையும் வச்சுச் சொல்லக் கூச்சம்னா, கூட்டம் முடிஞ்சு தனியாச் சொல்லட்டும். ரெண்டாவது மாசம் முடியறதுக்குள்ளே குழுவுக்குத் தெரியணும். ஏன் ரெண்டுன்னா சட்டத்தில் கணக்கு ரெண்டு மாசம். தெரிஞ்சா ரெண்டு பேர் ஓனர்கிட்ட போய்ப் பேசலாம், எழுதி வாங்கலாம். எங்க குழுவில் மூணு வருஷமா இப்படித்தான் பண்றோம். அஞ்சு வீட்டுக்குப் பேசியிருக்கோம், நாலு பேர் அதே வீட்டில் இருக்காங்க. ஒருத்தர் காலி பண்ணினாங்க, ஆனா பகல் வெளிச்சத்தில், மீதி அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கிட்டு, பிள்ளை பரீட்சை முடிஞ்ச பிறகு போனாங்க.

அடுத்தது, நோட்டீஸ் வந்தா அன்னைக்கே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகணும், கோர்ட் வளாகத்தில் கேட்டா சொல்வாங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வக்கீல் வைக்கணும்னு சட்டமே இருக்கு. 15100-க்குப் போன் பண்ணியும் கேட்கலாம். தனியாப் போகப் பயமா இருந்தா கூட்டமைப்பிலிருந்து ஒருத்தர் கூடப் போறதுக்கு ஏற்பாடு வேணும். பஸ் காசை நிர்வாகச் செலவில் எழுதலாமான்னு பொருளாளர் அக்கா சொல்லணும். அவங்க இப்பவே தலையாட்டுறாங்க, எழுதலாம்னு எடுத்துக்கிறேன்.

நேரம் ஆச்சுன்னு மணி அடிச்சுட்டாங்க. ரசீது புத்தகம் இருபது வாங்கிட்டு வந்திருக்கேன். வாசல்கிட்ட மேஜையில் இருக்கு, ஒண்ணு 30 ரூபாய், லாபம் வைக்கல. வாடகைக்கு இருக்கிறவங்களைவிட வாடகைக்கு விடுற அக்காக்கள் முதல்ல வாங்கிக்கோங்க. ஒப்பந்த மாதிரித் தாளும் பக்கத்திலேயே இருக்கு, அது இலவசம். எழுதத் தெரியாதவங்க புதன்கிழமை சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தா நான் எழுதித் தர்றேன்.